ஆறமுன்

படிவத்தில் 'தொழில்' எண்ட இடம்
ஒரு தீப்பெட்டி அகலம்.
தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில
பதினொரு வருசமாய் அதை நிரப்பிறன்.
அநேகமாய்க் 'கூலி' எண்டு போடுவன்.
ரண்டெழுத்து. வரிசையில நிக்கிறவைக்கும் அவசரம்.

இண்டைக்கு வந்தவ தவமலர்,
ஐம்பத்திரண்டு வயது, அச்சுவேலி.
இடது புறங்கையில ஒரு மட்டியளவு புண்,
விளிம்பு தடிச்சு, நடு குழிஞ்சு.
மஞ்சள் அப்பினவவாம்.
பாமசியில பூச்சுமருந்து வாங்கினவவாம்.
ஒன்பது மாசம். ஆறேல்லை.

"என்ன வேலை அம்மா?"
"றோட்டு."
"றோட்டில என்ன?"
"தார் வாளி."

நான் எழுதி முடிச்சிட்டன்.
அவ முடிக்கேல்லை.

விடிய ஐஞ்சரைக்குக் கிடாரம் ஏத்தவேணும்,
பழைய ரயர் வெட்டி அடியில எரிக்கிறது.
புகை எந்தப் பக்கம் திரும்புதோ
அந்தப் பக்கம்தான் எனக்கு நிழல்.
மனுசன்ர நீளக்கைச் சட்டை சேலைக்கு மேல.
கையுறையும் தந்தவை, முதல் வருசம், ஒரு சோடி,
வெள்ளைத் துணி.
மத்தியானத்துக்குள்ள கறுத்து விறைச்சு,
கழட்டேக்க கொஞ்சம் தோலும் வந்தது.
பின்னேரம் மண்ணெண்ணெயில கை கழுவி,
மண்ணெண்ணெய் மணம் போகச் சவர்க்காரம் போட்டு,
ரண்டு மணத்தோடயும் சோறு.

ஓவசியருக்கு ஒரே சொல்தான்:
"ஆறமுன் ஊத்து, ஆறமுன் இழு,
ஆறமுன் ரோலர் வரட்டும்!"
கோப்பாயில இருந்து கைதடி மட்டும்
அந்தச் சொல்லுக்கு மேலாலதான்
பஸ் ஓடுது தம்பி.
எங்கட தேத்தண்ணி ஆறும்,
தாரும் இரவைக்கு ஆறும்,
இது மட்டும்...
கையைத் திருப்பிப் பார்த்தா,
வேற ஆரோ மறந்து வைச்சிட்டுப் போன
சாமானைப் பார்க்கிறமாதிரி.

டொக்டர் சொன்னார்:
வெயிலாயும் இருக்கலாம், தாராயும் இருக்கலாம்,
ரண்டும் கூட்டுச் சேர்ந்தும் இருக்கலாம்.
சதைத்துண்டு போய் முடிவு வரட்டும்.
கொஞ்சம் வேளைக்கு வந்திருந்தா,
எண்டு தொடங்கின வசனத்தை
ரோச் லைற்றோட சேர்த்து அணைச்சிட்டார்.

அவ என்னட்டைத்தான் கேட்டா, மெல்லமாய்:
"தொட்டா ஒட்டுமோ?
சின்னவளுக்குத் தலை இழுத்துவிடுறது நான்தான்."
ஒட்டாது எண்டன்.
"அப்ப தாரை விடத் திறம்," எண்டு சிரிச்சா.

'கூலி'யை வெட்டினன்.
வெட்டேக்கதான் மற்றக் கூலியள் ஞாபகம் வந்திச்சினம்:
ஆனையிறவு உப்பளத்தாற்றை காது,
குருநகரில வலை இழுக்கிறவற்றை கீழுதடு,
மருந்துத் தாங்கி சுமந்து சுமந்து
முதுகெல்லாம் புள்ளி விழுந்த ஒரு புகையிலைத் தோட்டக்காரர்.
எல்லாரையும் ஒரே தீப்பெட்டிக்குள்ள
நான்தான் அடுக்கினது.

விளிம்பில பொடியாய் எழுதினன்:
தார்க் கிடாரம், இருபது வருசம்.
ரயர்ப் புகை. மண்ணெண்ணெய். உச்சி வெயில்.
கையுறை, ஒரு சோடி.

கொம்பியூட்டரில பதியிற பிள்ளை
தாளைச் சரிச்சுப் பிடிச்சுக் கேட்டாள்:
"அண்ணை, விளிம்பில இருக்கிறதை
எங்க அடிக்கிறது?"

வெளிக்கிடேக்க தவமலர் திரும்பி வந்தா.
மூண்டு நாளுக்கு லீவுக் கடிதம் வேணுமாம்,
திங்கள் உரும்பிராய்ச் சந்தியில வேலை தொடங்குதாம்.
தாளை எடுத்தன்.
"காரணம் காய்ச்சல் எண்டு போடச் சொல்லுங்கோ தம்பி.
புண் எண்டா ஓவசியர்
திரும்ப எடுக்கமாட்டார்."

'காரணம்' எண்ட பெட்டி பெரிசு.
தாராளமாய் நாலு வரி எழுதலாம்.